அம்மாவின் கல்லறைமேல் உட்கார்ந்த அக்கா

ஃபேக்டரி கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் பெண் தன் போனில் ஓடிய வீடியோவைக் காட்டினாள். "இது உங்க அக்கா இல்ல?"

அக்காதான். ஊரில் எங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில், அம்மாவின் கல்லறைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜேசிபி. "என் மேல ஏத்திட்டு அப்பால போ!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

சுற்றியிருந்த வயலையெல்லாம் குடோன் கட்ட ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. நடுவில் இருந்த எங்கள் துண்டு நிலத்துக்குப் பட்டா கிடையாது. கூலி வேலை செய்த எங்கள் முன்னோர்கள் செத்தால் புதைத்துக்கொள்ளட்டும் என்று அந்தக் காலத்து நிலக்காரர் வாய்வார்த்தையாக விட்ட இடம். அதையும் சேர்த்து மட்டம் தட்ட வந்துவிட்டார்கள்.

பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த இடத்தில் நான் அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்! கடைசிக் காலத்தில் அம்மா மீஞ்சூரில் என் வீட்டில்தான் கிடந்தாள். குளிப்பாட்டியதும் பீ மூத்திரம் அள்ளியதும் நான். அக்கா ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, பார்த்துவிட்டுப் போவாள்.

பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் தாசில்தார் வந்து வேலையை நிறுத்தியிருந்தார். அக்காவைச் சுற்றிக் கூட்டம். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். எங்கள் சித்தி என்னைப் பார்த்து, "உங்கக்கா மட்டும் இல்லன்னா உங்கம்மா எலும்பு கூட மிஞ்சிருக்காது" என்றாள்.

பிறகு தாலுகா ஆபீஸில் நடந்த பேச்சுவார்த்தையிலும் அக்காதான் பேசினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கம்பெனிக்காரர்கள் எங்கள் இடத்தை விட்டுவிட்டு, சுற்றிச் சுவர் எழுப்பி, கேட் போட்டு, போய்வரப் பாதையும் விட்டார்கள். உள்ளூரில் இருப்பவள் என்பதால் கேட் சாவி அக்காவிடம் போனது. இனி என் அம்மாவைப் பார்க்க நான் அவளைக் கேட்க வேண்டும்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு, அவளுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று முதல் ரயிலைப் பிடித்தேன். கேட் திறந்திருந்தது. அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப் பூவால் முழுக்க மூடியிருந்தாள். என் ரோஜாவை வைக்க ஓர் இடம் இல்லை.

"எனக்குன்னு கொஞ்சம் எடம் உட்டா இன்னா? அம்மா உனக்கு மட்டும்தானா?"

பக்கத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த மட்டையைக் கீழே போட்டுவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள்.

"அம்மா சாவுறப்போ உன் மடியில இருந்துச்சு. நான் வர்றதுக்குள்ள பொட்டில வெச்சிட்டீங்க. எப்டி போச்சு, இன்னா பேசிச்சின்னு வந்தவங்க அல்லாரும் உன்னத்தான கேட்டாங்க? அன்னிலேர்ந்து உன்னப் பாத்தா எனக்கு எரியும்டி. எனக்குக் கெடச்சது இந்த மண்ணுதான். இத்த எப்டி உடுவேன்?"

அவளும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

"கடைசியா இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

"காபி கேட்டுச்சு. ஆத்திக் குடுத்தேன். சூடே இல்லன்னு என்னத் திட்டிச்சு."

அக்கா சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து, தலைமாட்டுப் பக்கம் இருந்த சாமந்தியைத் தானே ஒதுக்கிவிட்டாள். ரோஜாவை அங்கே வைத்தேன். இருவரும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

வெயில் ஏறியதும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் நேராக அக்காவிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மறுபடியும் எரிந்தது.