வற்றுக்கரை இராச்சியத்தின் தணிக்கை மந்திரி

பள்ளிவாசல்துறைக்குப் போகிற வீதியில், மீன் ஏலம் போடும் கொட்டிலுக்கு எதிரே ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி எடுக்கலாம், போனுக்கு ரீலோட் போடலாம், பாஸ்போட் படம் பிடிக்கலாம். உள்ளே வெயில் படாத மூலையில் ஒரு மேசை. அங்கே இருந்துதான் ஷம்லா ஜபார் சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டு வேலை, வள்ளத்துக்கான அனுமதி என்று எல்லாம் அவளிடம் வரும்.

எழுதி முடித்த கையோடு அவள் படிவத்தைத் தரமாட்டாள். முதலில் உரியவருக்கு உரக்க வாசித்துக் காட்டுவாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றால், "ஆரிட்டக் குடுக்க?" என்று கேட்டு, அவர் காட்டும் ஆளைக் கொண்டு இன்னொரு தரம் வாசிப்பிப்பாள். அவசரமாக வந்தவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

"புள்ள, நீங்க எழுதினாச் சரிதானே. பஸ் போயிரும்."

"பஸ் பின்னேரமும் வரும் மாமி. இது ஒங்கட பேர்ல போற கடதாசி. கேளுங்க."

இந்த வழக்கத்தை அவளுக்கு எந்த அலுவலகமும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினைந்து வயதில், இல்லாத ஒரு நாட்டுக்காக அவளே எழுதிய சட்டம் அது. அந்தச் சட்டத்தை முதலில் மீறியவள் நான்.

யுத்தம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தோம். என்னுடைய வாப்பா கற்பிட்டிக் களப்பில் மீன்பிடித் தொழில் செய்பவர், பரம்பரையாக இந்த ஊர். ஷம்லாவின் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து, முசலிப் பக்கத்தில் இருந்து, உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு வந்தது. அவள் பிறந்ததே இங்கேதான், முகாமில். இருந்தாலும் வகுப்பில் அவளுக்கு அகதிப் பிள்ளை என்றுதான் பெயர்.

களப்பு வற்றும்போது உச்சமுனைப் பக்கமாக ஒரு மணல்திட்டு வெளியே தெரியும். தண்ணீர் ஏறினால் மறைந்துவிடும். அதற்கு வற்றுக்கரை இராச்சியம் என்று பெயர் வைத்து, தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியில் நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே மீன்கள் பேசும். கழுதைகள் தபால் கொண்டு போகும். முகம் காட்டாத ஒரு ராணி ஆள்வாள். ஷம்லாவுக்கு மீனும் கழுதையும் முக்கியமாகப் படவில்லை.

"ஸஃப்னா, ஒன்ட ராச்சியத்துல பேப்பர் இரிக்கா?"

"இரிக்கி. நான்தான் ஆசிரியர்."

"அப்ப அதப் பார்த்து விடுற ஆள் ஆரு?"

"பார்க்க என்னத்துக்கு? ராணிக்குப் பிடிக்காதத எழுதினா அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் கழுதைக்குப் போடுறது."

எங்கள் ஊர்க் கழுதைகள் கடதாசி தின்பதை அறிந்தவர்களுக்கு இது பகிடி. ஷம்லா சிரிக்கவில்லை.

"கழுத திண்டா, எழுதினது இல்லாமப் போயிருமா?" என்று கேட்டாள். "கொப்பியத் தா. பின்பக்கம் எனக்கு."

அன்றிலிருந்து அவள் தணிக்கை மந்திரி. கொப்பியின் பின்பக்கத்தில் இருந்து முன்னோக்கி அவள் சட்டம் எழுதினாள், முன்பக்கத்தில் இருந்து நான் செய்தி எழுதினேன். பன்னிரண்டு வயதில் இருந்து அவள்தான் தங்கள் குடியேற்றத்துச் சனங்களுக்குக் கடிதம் எழுதுகிறவள். "மேற்படி", "இத்தால் அறியத்தருவது", "உபபிரிவு" எல்லாம் அவள் கையில் தானாக வரும். பிரசுரச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எனக்கும் அவளுக்கும் சண்டை.

"ராணிய ஏசலாம். அதுக்கு அனுமதி தேவையில்ல," என்று எழுதியிருந்தாள்.

"பைத்தியமா? எந்த நாட்டுல ராணிய ஏச விடுவாங்க?"

"ராணிக்குப் பதில் சொல்ல ஆளிரிக்கி, முரசு இரிக்கி. கொட்டில்ல இரிக்கிற மனுசனப் பத்தி நீ பிழையா எழுதினா, அவர் எங்க போய்ப் பதில் சொல்லுவார்?"

ஆகவே, எளிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் அதை வாசித்துச் சம்மதித்த பிறகுதான் வெளியிடலாம் என்று ஆனது. வாசிக்கத் தெரியாதவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்ட வேண்டும், இரண்டாம் தரம் வாசிப்பவரை அவரே காட்டுவார், அந்தத் தரம் எழுதியவர் வாசிக்கக்கூடாது. மீன் படும் இடத்தை எந்தப் பத்திரிகையும் எழுதக்கூடாது என்ற பிரிவு மட்டும் நான் சேர்த்தது. என் வாப்பாவின் மகள் வேறு என்ன சேர்ப்பாள்?

அவள் மிகவும் யோசித்து எழுதியது தணிக்கை செய்கிறவர்களுக்கான பிரிவு. அடித்த வரியை மூடி மறைக்கக்கூடாது. எத்தனை வரி அடித்தார்களோ அத்தனை வரிக்குப் புள்ளி வைக்க வேண்டும். வாசிப்பவருக்கு இங்கே ஏதோ இருந்தது என்று தெரிய வேண்டும். வெளியிடும் ஒவ்வொன்றின் கீழும் தணிக்கை செய்தவர் 'பார்த்தது' என்று எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். "பேர் போடப் பயந்தா அடிக்கவும் கூடாது," என்றாள்.

வியாழக்கிழமைதோறும் கொப்பி வகுப்பைச் சுற்றி வந்தது. நான்கு இதழ் ஒழுங்காக வந்தது. நான்கிலும் கீழே அவளுடைய வட்டமான கையெழுத்து: பார்த்தது, ஷம்லா ஜபார்.

அந்த நாட்களில் அவள் அடிக்கடி பாடசாலைக்கு வரமாட்டாள். அவளுடைய வாப்பா ஜபார் மாமாவுக்கு முசலியில் பழைய காணி இருந்தது. இருபது வருடக் காடு. அதை வெட்டித் துப்பரவாக்கி ஒரு தகரக் கொட்டில் போட்டிருந்தார். அங்கே குடியிருந்தால்தான் வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் நிற்கும். வீடு வந்தால்தான் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் குடியிருக்கலாம். கிணறு இல்லை, பாடசாலை இல்லை, ஜபார் மாமாவுக்கு வேலையும் இந்தப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில்தான். அதனால் அதிகாரிகள் கொட்டிலைப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வரும்போதெல்லாம் வாப்பாவும் மகளும் வில்பத்துக் காட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கொடியில் உடுப்புக் காயப்போட்டு, அடுப்பு மூட்டி, ஆள் இருக்கிற வீடாக்கி வைப்பார்கள்.

பாடசாலைக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு இருந்தபோது இதை அவள் எனக்குச் சொன்னாள்.

"ஒரு நாள் மூட்டினா சாம்பல் காணாது, ஸஃப்னா. பத்து நாள் சாம்பல் வேணும். அதால இங்கத்த அடுப்புச் சாம்பலப் பால்மா டின்னுல போட்டுக் கொண்டு போறன்."

"பஸ்ஸுலயா? என்ன எண்டு கேட்டா?"

"உம்மாட மருந்து எண்டு சொல்லுவன்." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதில்ல பயம். நாங்க எரிக்கிறது தேங்காப் பொச்சு. சாம்பலுக்குள்ள தும்பு கிடக்குது. அரிச்சாலும் போகுதில்ல. எங்கட காணியச் சுத்தி ஒரு தென்னமரமும் இல்லயே."

அடுத்த கிழமை அவள் வரவில்லை. கொட்டிலைப் பார்க்க வருகிறார்கள் என்று போயிருந்தாள். வியாழக்கிழமை வந்தது. என்னிடம் எழுத ஒன்றும் இல்லை. முன்வாங்கில் இருக்கும் ஸியாத் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான்.

"என்ன ஆசிரியரம்மா, ஒங்கட ராச்சியம் தண்ணிக்குள்ள போயிட்டா? மந்திரி காட்டுக்குப் போயிட்டாவாம், பேப்பர் வராதாம்!"

இடைவேளைக்குள் எழுதி முடித்தேன். தலைப்பு 'சாம்பல் வீடு'. முதல் வரி இன்றைக்கும் மனப்பாடம்: "அதிகாரி வருவதற்கு முதல் நாள் சாம்பல் பஸ்ஸில் வந்து இறங்கியது." ராணியின் அதிகாரி அடுப்பைப் பார்த்து மெச்சுகிறார். தென்னையே இல்லாத ஊரில் அடுப்புக்குள் பொச்சுத் தும்பு எப்படி வந்தது என்று அவரைச் சுமந்து வந்த கழுதை மட்டும் கேட்கிறது. கழுதையின் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. அதோடு கதை முடியும்.

யாருடைய பெயரையும் எழுதவில்லை, ஆகவே யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதும் பொய். கேட்டால் விடமாட்டாள் என்று தெரியும். கீழே இடம் வெறுமையாக இருந்தது. வட்டமான எழுத்தில், அவளைப் போலவே, 'பார்த்தது, ஷம்லா ஜபார்' என்று எழுதினேன்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதுவரை நான் எழுதியதில் அதுதான் நல்லது. ஸியாத் கொப்பியை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனான்.

அவனுடைய வாப்பா மர்ஸூக்கும் முசலிக்காரர்தான். போன முறை பார்க்க வந்தபோது கொட்டிலில் ஆள் இல்லை என்று அவருடைய பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டியிருந்தார்கள். கதையை வாசித்து அவரும் முதலில் சிரித்தாராம். பிறகு கீழே இருந்த பெயரைப் பார்த்தாராம். "எண்ட பேர வெட்டக்குள்ள ஒருத்தரும் அடுப்பக் கிண்டிப் பார்க்கல்லயே," என்று சொன்னாராம். இதைப் பல வருடம் கழித்து ஸியாத்தான் எனக்குச் சொன்னான். அவர் எங்கே போய், யாரிடம், என்ன சொன்னார் என்பது அவனுக்கும் தெரியாது.

அடுத்த முறை முன்தகவல் இல்லாமல் வந்தார்கள். கொட்டில் பூட்டியிருந்தது. வந்தவர் குனிந்து ஒரு தடியால் அடுப்பைக் கிளறி, தும்பை எடுத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனார். ஜபார் மாமாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு மேசையில் அதை வைத்துக் கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் பெயர் போனது. அடுத்த பட்டியல் வந்தபோது விதிகள் மாறியிருந்தன.

ஷம்லா பாடசாலைக்கு வந்து என் வாங்குக்கு முன்னால் நின்றாள்.

"அஞ்சாம் இதழ நான் பார்த்தனா?"

"இல்ல."

"அப்ப எண்ட பேர் எப்பிடி அதுல வந்த?"

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "சட்டப்படி பேர் போடணுமே."

"சட்டம் எழுதினது நான்தானே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு அவள் படிப்பை நிறுத்திக்கொண்டாள். கொஞ்சக் காலம் கருவாடு காயப்போடும் வாடியில் வேலை செய்தாள். பிறகு இந்தக் கடைக்கு வந்தாள்.

நான் உயர்தரம் முடித்துக் கொழும்புக்குப் போனேன். பிறகு கட்டார், கோலாலம்பூர், இஸ்தான்புல். ஓர் இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் நான் நின்றதில்லை. போன இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். புதிதாகப் பழகும் ஆட்களிடம் சொல்ல நல்ல கதை அது. சாம்பல் டின்னில் சிரிப்பார்கள், தும்பில் அமைதியாவார்கள். ஒவ்வொரு தடவையும் அவளைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அந்த வருடங்களில்தான் ஜபார் மாமா மௌத்தானார். முசலியில் அல்ல, இங்கே, அவருடையதல்லாத மணலில் அடக்கம் செய்தார்கள். செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துக் கிடைத்தது.

………………………………………………
………………………………………………
………………………………………………
………………………………………………

பார்த்தது: ஷம்லா ஜபார்

பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, மேலே உள்ளதை எழுதினேன். எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு போன வாரம் கடைக்குப் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுகம் விசாரித்தாள். கதிரையைக் காட்டினாள்.

"ஒன்னப் பத்தி எழுதியிரிக்கன். நீ பார்க்கணும்."

"வரிசையில நில்லு," என்றாள். பகிடி இல்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

என் முறை வந்ததும் தாள்களை வாங்கி, ஒவ்வொரு வரியின் கீழும் பேனையை நகர்த்தி வாசித்தாள். சாம்பலை அடிப்பாள் என்று காத்திருந்தேன். மர்ஸூக்கை அடிப்பாள், டின்னை அடிப்பாள் என்று நினைத்தேன். பேனை நிற்காமல் போனது. அவளுடைய வாப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி நான் ஊராரிடம் கேட்டு எழுதியிருந்த நான்கு வரியில் வந்து நின்றது. அதை மட்டும் நேர்க்கோடாக அடித்தாள்.

"இது ஒனக்குத் தெரியாது. நீ அங்க இரிக்கல்ல."

"மத்ததெல்லாம்?"

"நடந்தது. இரிக்கட்டும்." புள்ளி வைக்கும் இடத்தைக் காட்டி, கீழே பெயரை எழுதினாள். அதே வட்டமான எழுத்து. என்னால் அதை எவ்வளவு ஒழுங்காகப் பிரதி செய்ய முடிந்திருக்கிறது என்று பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"ஷம்லா, எனக்கு மன்னிப்பு..."

"அதுக்கு நாங்க பிரிவு எழுதல்லயே ஸஃப்னா," என்றாள். குரலில் கோபம் இல்லை. தாள்களை மடித்து என்னிடம் தந்தாள்.

எனக்கு அடுத்து ஒரு வயதான மனுசி, மருமகனின் வள்ளத்துக்கு அனுமதி எடுக்க வந்திருந்தார். நான் போகாமல் மேசையருகே நின்றேன். ஷம்லா கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பினாள். உரக்க வாசித்துக் காட்டினாள்.

"மாமி, இன்னொரு தரம் வாசிக்கோணும். ஆரிட்டக் குடுக்க?"

மனுசி சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "இந்தப் புள்ள படிச்ச புள்ள போல இரிக்கி. இவட்டக் குடுங்க."

நான் கையை நீட்டிவிட்டேன்.

"அவ வேணாம் மாமி," என்றாள் ஷம்லா. "வேற ஆளக் காட்டுங்க."

மனுசி எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஊர்க்காரர் அபூசாலி நானாவைக் காட்டினார். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். முடியும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.