மேலே விமானம், பஸ்ஸில் மாப்பிள்ளை

சனிக்கிழமை உலை வைக்க என் தங்கை கடிகாரம் பார்க்க மாட்டாள். அவள் கணவர் மெட்ராஸிலிருந்து விமானம் ஓட்டி வருவார். மதுரையில் இறங்குவதற்காக அது எங்கள் ஊர் பாலவனத்தத்துக்கு மேலே வட்டமடித்துத் திரும்பும். வாலில் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும், "அண்ணே, அவுக வந்துட்டாக" என்று அரிசி களைய உட்காருவாள். ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வாசலில் நிற்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. விமானம் தலைக்கு மேலே போனது. சத்தம்தான் கொஞ்சம் வேறு மாதிரி; வாலில் அதே சிவப்புக் கோடு. தங்கை அரிசி புடைக்கும் சொளகோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விருதுநகர் பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளை பெட்டியோடு இறங்கினார்.

"மாப்ளே, நீங்க இங்க நின்னா அத யாரு ஓட்டுறா?"

"வேற கம்பெனிக்காரன், மச்சான். சின்ன ஊருக்கெல்லாம் சின்ன விமானமாம், எங்க கம்பெனியில இந்த ரூட்ட அவன்கிட்ட குத்தகைக்கு விட்டுட்டாக. பெயிண்டு மட்டும் எங்களது. நேத்துதான் சொன்னாக."

கண்மாய் மீனைக் குத்தகைக்கு விட்டுப் பார்த்திருக்கிறேன். ஆகாயத்தையுமா விடுவார்கள்?

"அப்ப நீங்க ஓட்டுன விமானம்?"

"விக்கப் போறாக. புதுசா வாங்குற விமானத்த ஓட்டணும்னா அதுக்குப் படிச்சுட்டு வரணுமாம். வந்தாலும் கேப்டன் சீட்டு கிடையாது, பக்கத்துச் சீட்டுதான். பதினாறு வருசம் ஓட்டுனவன் மச்சான். நான் போகல."

தங்கை சொளகைக் கீழே வைத்தாள். "போகாம? எவனோ மேல பறப்பான், நீங்க பஸ்ஸுல சன்னல் சீட்டுக்குத் துண்டு போடுவீகளாக்கும்? பக்கத்துச் சீட்டும் மேலதான இருக்கு!"

திங்கட்கிழமை மாப்பிள்ளை அதே பெட்டியோடு படிக்கக் கிளம்பினார்.