காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

பிள்ளைகளே, காவடி முடிந்து மூன்றாம் நாள் காலை நான் சலூன் கதவைத் திறக்கப் போனபோது ஆறுமுகம் மாமா வாசலில் நின்றார். தலையில் துண்டை முக்காடாகப் போட்டிருந்தார். அதை எடுத்தார். நெற்றி வீங்கி, கண்கள் இரண்டும் கோடாகியிருந்தன. காது மடலில் நீர் கசிந்தது. தலைமுடி மட்டும் நான் போட்ட கறுப்பில் பளபளவென்று இருந்தது.

"நாளைக்குத்தான் ஓட்டல்ல வரச் சொல்லியிருக்காங்க. இந்த மூஞ்சியோட எப்படிடா போவேன்?" என்றார்.

நாங்கள் பேசியது எங்கள் தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில். நான் கோயில் பள்ளியில் படித்த தமிழில் உங்களுக்காக எழுதுகிறேன். எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குச் சில வருஷம் முந்தின கதை இது.

1. சலூனில் என்ன செய்தோம்

காத்ர் போர்ன் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சலூனில் நான் முடிதிருத்தும் வேலை பார்த்தேன். முதலாளி மிசியே ரெனே. 'பத்து வயது குறைத்து அனுப்புவோம்' என்று கண்ணாடிக்கு மேலே பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தார்.

அதில் எவ்வளவு உண்மை என்று கேட்பீர்கள். முகத்துக்கு ஆவி பிடித்தால் தோல் கொஞ்சம் உப்பும், சுருக்கம் மறைந்த மாதிரி தெரியும். சாயங்காலத்துக்குள் பழைய முகம் வந்துவிடும். மசாஜ் கிரீம் வறட்சியைப் போக்கும், வயதைப் போக்காது. நிறம் வெளுக்கும் என்று ஒரு கிரீம் விற்க வந்தார்கள். அதில் பாதரசம் இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் எச்சரித்ததால் முதலாளி வாங்கவில்லை. சொன்னதை அப்படியே செய்தது டை ஒன்றுதான். அதனால் பயப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

டை பாரிஸிலிருந்து இரண்டு சீசாவில் வரும். ஒன்று நிறம், ஒன்று பெராக்சைடு. பெட்டிக்குள் ஒரு காகிதம் இருக்கும். முதல் தடவை போடுகிறவருக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து, தண்ணீர் படாமல் இரண்டு நாள் விட வேண்டும். அரித்தாலோ சிவந்தாலோ டை போடக்கூடாது. மிசியே ரெனே இந்தச் சொட்டு வைக்காமல் யாருக்கும் போடவிட மாட்டார்.

2. மாமா வந்தது

ஆறுமுகம் மாமா என் அப்பாவோடு சர்க்கரை ஆலையில் வேலை செய்தவர். ஆலையில் புது மெஷின் வந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் அவர் ஒருவர்தான் சம்பாதிக்கிறவர். மாயெபூர் பக்கம் கடலோரத்தில் ஒரு ஓட்டலுக்குப் பரிமாற ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டார். நரைத்த தலையைக் கண்டால் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்களாம்.

காவடிக்கு விரதம் இருக்கும் நாளில் முடியில் கை வைக்க மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார்.

"இப்ப யாருடா போடச் சொன்னா? என் நரையை முருகன் பாத்துக்கட்டும். ஓட்டல்காரன்தான் பாக்கக் கூடாது."

காவடிக்கு மறுநாள் டை போடுவதாக முடிவு செய்தோம். காவடிக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நாலு மணிக்குச் சொட்டு வைத்தேன். அரித்தால் வந்து சொல்லுங்கள் என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

சொன்ன நாளில் வந்தார். காதுக்குப் பின்னால் சிவப்பே இல்லை. கொசு கடித்த அளவுகூட அரிக்கவில்லை என்றார். போட்டுவிட்டேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "யாரோ ஆம்பள வந்திருக்கான்னு என் பொண்டாட்டி கதவைச் சாத்தப் போறா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

3. டாக்டர் கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் அந்த முகத்தோடு வந்தவரை உடனே டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஊசி போட்டார். முடியை முழுக்க எடுக்கச் சொன்னார். இனி டை போட்டால் மூச்சே நின்றுவிடலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, சொட்டு வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். தண்ணீர் பட்டதா என்றார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"விரதமாச்சே, பட்டுச்சுதான். காலையும் சாயங்காலமும் தலைக்கு ஊத்திக்கிட்டுத்தானே பூசைக்குப் போவேன். நீ சொட்டு வச்ச அன்னிக்கும் சலூன்லேருந்து நேரா குளிக்கத்தான் போனேன்."

சொட்டு அவர் தோலில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. அந்த வருஷம் நானும் விரதம். அதே சாயங்காலம் நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டு கோயிலில் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். அவருடைய ஈரத் தலை என் கண்ணுக்கு நேரே இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காகிதம் எழுதிய பாரிஸ்காரருக்கு நம் விரதம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் தலையை என் கையாலேயே மழித்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஓட்டலுக்குப் போனேன். பரிமாறுகிறவர்களுக்குத் தலைவராக இருந்தவரிடம் மாமாவின் வயது, நரை, டை, என் தவறு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பரிமாற ஆள் இன்னைக்கே எடுத்துடுவோம், காத்திருக்க முடியாது. அவருக்கு மூஞ்சி சரியானதும் வரச் சொல்லுங்க. துணி வெளுக்கிற இடத்துல பாக்கலாம்."

வீக்கம் வடிந்தபின் மாமா மொட்டைத் தலையோடு போனார். வெளுக்கும் இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வயதை யாரும் கேட்கவில்லை. ஆனால் வெந்நீர், சலவைச் சோடா, ஈர மூட்டை என்று அவர் வயதுக்குக் கடினமான வேலை. பரிமாறும் மேசைப் பக்கம் அவர் போகவே இல்லை. அது என்னால் ஆனது.

அதற்குப் பிறகு, சொட்டு வைக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: இங்கிருந்து எங்கே போகிறீர்கள், நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று. முஸ்லிம் அண்ணன் தொழுகைக்கு முன் காதைக் கழுவித் துடைப்பார். மீன் பிடிக்கிறவர் தலை நனையாமல் கரைக்கு வரமாட்டார். தண்ணீரில்லாமல் இரண்டு நாள் கிடைக்கும் வரை காத்திருக்கச் சொல்வேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

நீங்களும் ஒரு நாள் யாரோ எழுதிய காகிதத்தைப் பார்த்து வேலை செய்வீர்கள். அதை மதித்து நடங்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அன்றைய பொழுதை எப்படிக் கழிப்பார் என்று அதில் எழுதியிருக்காது. அதைக் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

மாமா கடைசிவரை என்னிடம்தான் தலை மழித்துக்கொள்ள வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் கத்தியை எடுக்கும் முன் சொல்வார்:

"கேளுடா, தண்ணி பட்டுச்சான்னு கேளு."

ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.