கட்டைவிரலை அளக்காத மேசை

மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றித் தருகிறவரை அந்தத் தெருவே காயில்காரர் என்றுதான் கூப்பிட்டது. முப்பத்தொரு வருடம் வீட்டு முன்னறையில், தரையில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். ஐம்பத்தெட்டில் முட்டி மக்கர் செய்தது. இனிமேல் தரையில் உட்கார்ந்து எழுந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவியின் தம்பி, தன் செருப்புக் கடைக் கல்லாவில் வந்து உட்காரச் சொன்னான். காயில்காரருக்கு ஆபரேஷனைவிட அந்தக் கல்லாதான் பயம்.

"ஒரு மேசை செஞ்சு, நின்னுக்கிட்டே பாக்குறேன். ஒரு மாசம் விடு," என்றார் மனைவியிடம்.

கடையில் மேசை விலையைக் கேட்டால் தலை சுற்றியது. லேத் பட்டறையில் மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகள் சும்மா கிடந்தன; கேட்டு வாங்கி வந்தார். ஆணி பிடுங்கி, பலகைகளை இழைத்து, இரண்டிரண்டாக ஒட்டிக் கால் செய்தார். குறுக்குச் சட்டங்களுக்கு ஆணியல்ல, போல்ட்டு. ஆட்டிப் பார்ப்பார், இம்மி அசைந்தாலும் இன்னொரு சட்டம். வைக்கப்போவது மூன்று கிலோ மோட்டார், அதற்கு யானை ஏறினாலும் தாங்குகிற மேசை எதற்கு என்று மனைவி கேட்டாள். பலம் முக்கியம் என்றார். ஏன் முக்கியம் என்று அவருக்கே தெரியாது. உயரம் இடுப்பளவு. டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவள்தான்.

இருபதாம் நாள் மோட்டாரை மேசையில் வைத்தார், கம்பியை எடுத்தார், நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். அவர் காயில் சுற்றுவது வெறும் கையால் அல்ல. கம்பியைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிப்பது வலது காலின் கட்டைவிரல். கை, இடுப்பு எல்லாம் அளந்த மனுஷன் அதை மட்டும் மறந்துவிட்டார். முப்பத்தொரு வருடம் முனகாமல் உழைத்த விரல் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? கையால் மட்டும் சுற்றிய காயில் தொளதொளவென்று கிடந்தது. பிரித்தார், சுற்றினார், மறுபடி பிரித்தார். மூன்று நாள் இதே கூத்து. நான்காம் நாள் மச்சினன் எட்டிப் பார்த்து, திங்கட்கிழமையே கடைக்கு வந்துவிடச் சொல்லிப் போனான். காயில்காரருக்கு அழுகை வந்தது. மோட்டார் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதார்.

ஞாயிறு காலை மனைவி விளக்குமாறும் கையுமாக முன்னறைக்குள் வந்தாள். மனிதர் மேசைமேல் உட்கார்ந்திருந்தார். முதுகு சுவரில், இடது கால் கீழே தொங்க, வலது கால் மேசை நீளத்துக்கு நீட்டியிருக்க, கட்டைவிரலில் கம்பி. காயில் விறைப்பாக ஏறிக்கொண்டிருந்தது. மேசை அசையவில்லை.

திட்டத்தான் அவள் வாயெடுத்தாள்.

"தரையில உக்காரலையே," என்றார், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் உள்ளே போய்ச் சமையலறை முக்காலியைத் தூக்கிவந்து, அவர் இறங்குவதற்குத் தோதாக மேசையடியில் போட்டாள். பிறகு தம்பிக்குப் போன் செய்தாள்.

"கல்லாவுக்கு வேற ஆளப் பாத்துக்கடா. மாமாவுக்கு இங்க வேலை இருக்கு."