சின்னவளின் காற்று

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை விளக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நிறைய விளக்கம் சொல்வதால் வந்த பெயரல்ல. பேச்சில் அவர் மகா கஞ்சம். விண்வெளித் தொலைநோக்கிகளில் பொருத்தும் கருவிகளைப் புற ஊதா விளக்கின் முன்னால் வைத்துச் சோதிப்பது அவர் வேலை. அதோடு சிவப்புக் குள்ள நட்சத்திரங்களை ஆராய்ந்துவந்தார். சூரியனைவிடச் சின்னவை, மங்கலானவை, ஆயுள் கெட்டியானவை. பார்வைக்குப் பரம சாது. ஆனால் இளவயதில் புற ஊதாக் கதிரைக் கக்கித் தீர்க்கும். அந்த ஆட்டம் எத்தனை காலம் நீடிக்கும் என்பதுதான் விளக்கம்மாவின் கேள்வி.

அப்படியொரு நட்சத்திரத்தைச் சுற்றிவரும் கோள் ஒன்றை, அதே மாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேராசிரியர் கண்டுபிடித்திருந்தார். மனைவியை இழந்தவர். ஒரே மகள் தூர தேசத்தில். கோளை அவர் ‘சின்னவள்’ என்றே சொல்லுவார். சின்னவளின் காற்றில் ஆக்ஸிஜன் இருப்பதற்கான தடயம் தெரிந்தபோது, வீடு வீடாகப் போய்ச் சொல்லாத குறைதான். உயிர் இருக்கலாம் என்று ஒரு பொதுக்கூட்டத்தில் அறிவிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் விளக்கம்மாவுக்கு விபத்து. கண்ணாடி ஒன்றைத் திருப்பி வைக்க, முகக்கவசம் போடாமல் விளக்குப் பெட்டிக்குள் குனிந்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. லேசான நீல வெளிச்சம், அவ்வளவே. சுடவில்லை, வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, கண்ணில் கைப்பிடி மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. விழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, ஆறிவிடும் என்று சொல்லி மருத்துவர் இரண்டு கண்களையும் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை, தொலைநோக்கியிலிருந்து அவர் காத்திருந்த அளவீடுகள் வந்து சேர்ந்தன. கணவர் பேருந்து ஓட்டுபவர். விடுப்புப் போட்டு, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்.

“இதென்னம்மா, பஸ் ரூட் நம்பர் மாதிரி இருக்கு?”

“இடப்பக்கம் இருக்கறது ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்தோட வயசு, ஒண்ணாப் பொறந்ததுங்க. பக்கத்துல இருக்கறது புற ஊதா அளவு. மேலேர்ந்து படிங்க.”

படித்தார். வயது ஏறிக்கொண்டே போனது, அளவு இறங்கவில்லை. ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டமாகத் தாண்டியும் அதே உயரம். கடைசியில், கிழட்டு நட்சத்திரங்களிடம்தான் சரிந்தது.

“திரும்பப் படிங்க.”

“தப்பாப் படிச்சுட்டேனா?”

“இல்லைங்க. சரியாத்தான் படிச்சீங்க.”

கட்டுக்கு அடியில் கண்ணீர் பட்டு இன்னும் எரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கதிர் சின்னவள்மேல் விழுந்திருக்கிறது. காற்றின் மேலடுக்கு சூடேறிக் கசிந்திருக்கும். கடல் இருந்திருந்தால், ஆவியான நீர் உடைந்து ஹைட்ரஜன் பறந்துபோயிருக்கும், ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கும். பேராசிரியர் பார்த்தது உயிரின் மூச்சாக இல்லாமல், வற்றிய கடலின் மிச்சமாகவும் இருக்கலாம்.

கட்டை அவிழ்த்த அன்றே, கறுப்புக் கண்ணாடியுடன் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு பேராசிரியர் வீட்டுப் படியேறினார். மேசையில் கூட்டத்துக்கான அழைப்பிதழ்கள் அடுக்கியிருந்தன. கணவர் படித்துக் காட்டியது உட்பட, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

பேராசிரியர் முகம் இறுகியது. “கண்ணைக் கட்டிக்கிட்டுப் பார்த்த கணக்கை என்கிட்ட கொண்டு வந்திருக்கியா?”

கணவருக்குச் சுருக்கென்றது. “சார், அவ நிலைமையப் பாருங்க...”

“விடுங்க,” என்றார் விளக்கம்மா. “சார், நீங்களே ஒருதடவை போட்டுப் பாருங்க. நான் தப்பா இருந்தா என்னைவிட சந்தோஷப்படறவங்க இருக்க மாட்டாங்க.”

போகச் சொல்லிக் கதவைக் காட்டினார் அவர்.

கூட்டம் நடக்கும் நாள்வரை பேச்சே இல்லை. விளக்கம்மா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பேராசிரியர் மேடையேறி, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“உயிர் இருக்குன்னு சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். இப்போ சொல்ல முடியாது. நட்சத்திரத்தோட இளமையை நான் கணக்குல சேர்க்கலை. என் கூட வேலை பார்த்த ஒரு அம்மா சேர்த்தாங்க. நானும் போட்டுப் பார்த்தேன். அவங்க சொன்னதுதான் சரி.”

கைதட்டல் எழவில்லை. சிலர் எழுந்து போனார்கள். பேராசிரியர் கீழே இறங்கி, கடைசி வரிசைக்கு வந்தார்.

“கண்ணு எப்படிம்மா இருக்கு?”

“தேவலை சார்.”

“அன்னைக்கே கேட்டிருக்கணும்.”

விளக்கம்மா பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். அரங்கு காலியாகும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு பேராசிரியர் காலமானார். சின்னவளைக் கண்காணிக்கும் வேலை விளக்கம்மாவிடம் வந்தது. இழந்த காற்றை எரிமலைகள் பிற்பாடு திருப்பிக் கொடுத்திருக்குமா என்று இப்போது தேடுகிறார்.

“அப்போ அங்க யாருமே இல்லையா?” என்று கணவர் சாப்பிடும்போது கேட்பதுண்டு.

“தெரியாதுங்க. குழம்பை இப்படித் தள்ளுங்க.”