எங்கள் வீட்டில் கட்டிய தூளி

மலேசியாவிலிருந்து திரும்பிய அன்று காலை, மீனம்பாக்கத்தில் டாக்ஸி ஏறி உட்கார்ந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "போனதும் ஒரு ரசம் வெச்சிடறேன்."

ஈப்போவில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, தன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் மூன்று பேரையும் வரவழைத்திருந்தாள். எண்பதுகளின் கடைசி. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் போல அங்கே இருந்தோம். அத்தை எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். அம்மாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. எதைத் தொட்டாலும், "அண்ணி, நீங்க உட்காருங்க" என்று கையைப் பிடித்து சோபாவில் உட்கார்த்திவிடுவாள். கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்தே அம்மா எங்கள் வீட்டை நினைத்து ஏங்க ஆரம்பித்துவிட்டாள். தன்னுடைய கட்டிலில் கால் நீட்டிப் படுக்க வேண்டும். தன்னுடைய அடுப்பில் சமைக்க வேண்டும். கூடவே இன்னொரு கவலையும் இருந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "நாம போறதுக்குள்ள பொறந்துடாதுன்னு நெனைக்கிறேன்" என்று அம்மா விமானத்தில்கூடச் சொன்னாள்.

பல்லாவரம் தாண்டும்போது டாக்ஸிக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க ஊர்ல இல்லியா சார்? செம மழை. ஒரே பேஜாரு. அஸ்தினாபுரம் பக்கம் எல்லா வூட்லயும் தண்ணி பூந்துகினு ஜனங்க மாடியில குந்திகினு இருந்துச்சு."

அம்மா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீடும் அங்கேதான். பீரோவின் கீழ்த்தட்டில் பட்டுப்புடவைகள் இருந்தன.

"நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்காது" என்றார் அப்பா.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வீடு கட்டும்போது ஏரி பக்கத்தில் இருக்கிறது என்று பயந்து, கொத்தனார் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், அப்பா அஸ்திவாரத்தை நல்ல உயரமாக எழுப்பிவிட்டார். தெருவிலேயே எங்கள் வீடு மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். தெருக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அப்பா கண்டுகொள்ள மாட்டார்.

குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு மின்சார ரயில்கள் போகும்வரை காத்திருந்தோம்.

எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் சுவர்களில் எல்லாம் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. எதிர்வீட்டின் கதவு ஜன்னல்கள் திறந்து கிடந்தன. உள்ளே ஆள் இல்லை. காம்பவுண்டு சுவர்மேல் ஊறிப்போன மெத்தை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து, "ஐயோ, இவங்க எங்க போனாங்க?" என்றாள்.

அப்போதுதான் நான் எங்கள் வீட்டைப் பார்த்தேன். போர்ட்டிகோவில் குறுக்கே கயிறு கட்டி வெள்ளைத் துணிகள் உலர்த்தப்பட்டிருந்தன. பூட்டிவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அப்பா பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, "வீடு மாறி வந்துட்டோமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஆன்ட்டி படியிறங்கி ஓடிவந்தார். சாயங்காலம் விளக்குப் போடவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தோம். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்களைக் கேக்க வழியில்ல. அண்ணா, மன்னிச்சிடுங்க. வேற போக்கிடம் இல்லாம உள்ள வந்துட்டோம்."

பேசப் பேச விஷயம் தெரிந்தது. தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த அன்றே மகளுக்கு வலி எடுத்திருக்கிறது. அங்கிளும் தெருக்காரர்களும் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு, தண்ணீரில் நடந்தே மெயின்ரோடு வரை போய், ஒரு லாரியை நிறுத்தித் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெண் குழந்தை. டிஸ்சார்ஜ் ஆகி வந்தால் வீட்டில் கால்வைக்க இடமில்லை. எங்கள் வீட்டுப் படியில் மட்டும் மேலே இரண்டு படி நனையாமல் இருந்ததாம்.

அம்மா பாதிதான் கேட்டாள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கைகால் கழுவி, ஹாலில் ஃபேன் பக்கத்துக் கொக்கியில் தொங்கிய தூளியை விலக்கிப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக, கைப்பிடி அளவுக்கு ஒரு முகம். அம்மா தூளியை மெல்ல ஆட்டத் தொடங்கினாள். படுக்கையறையில் அம்மாவின் கட்டிலிலிருந்து ஆன்ட்டியின் மகள், அந்த அக்கா, பதறி எழுந்திருக்கப் போனாள்.

"எழுந்திருக்காதே. பச்சை உடம்பு. படு" என்றாள் அம்மா.

ஒரு மாதம் அம்மா கனவு கண்ட கட்டில் அது. அன்றைக்கு அவள் ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு, தூளிக்குக் கீழேயே படுத்தாள்.

அப்பா எப்படி எடுத்துக்கொள்வார் என்பதுதான் எனக்குப் பயம். அவர் ஒழுங்கு பார்க்கிறவர். செய்தித்தாளைக்கூட மடிப்புக் கலையாமல் படிப்பார். வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனை, மூலையில் எதிர்வீட்டு டிரங்குப் பெட்டிகள், அவருடைய சாய்வு நாற்காலியில் குழந்தைத் துணி. அப்பா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சாமி ரூம் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. "அந்த ரூமை நாங்க தொறக்கவே இல்லக்கா. வெளியில இருந்து கூட்டினதோட சரி" என்றார் ஆன்ட்டி. அவர்களுடைய மாதா படம், தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டு, சமையலறை ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டு நின்றது.

அன்று மத்தியானம்தான் அந்தக் காட்சியைப் பார்த்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா தட்டோடு எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்து, படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஆன்ட்டி அவள் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன இது? எதுக்கு வெளியில போய் சாப்பிடறா?" என்று அம்மா கேட்டாள்.

ஆன்ட்டி தயங்கினார். "சுறாப்புட்டுக்கா. பால் ஊறணும்னு எங்க சர்ச்சுல ஒரு சிஸ்டர் செஞ்சு அனுப்பினாங்க. உங்க வீட்ல முட்டைகூட வர்றதில்லன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க வந்ததுலேருந்து இதையெல்லாம் உள்ள கொண்டு வர்றதில்ல."

"இத்தனை நாளும் மழையில உட்கார்ந்தா சாப்பிட்டா?"

"குடை இருக்கேக்கா."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு மாதம் தவறாமல் போகிற மனிதர் அவர். ஈப்போவில் அத்தை வீட்டிலேயே தனிப் பாத்திரத்தில்தான் அவருக்குச் சமைத்தார்கள்.

அப்பா பின்கதவு வரை வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"உள்ள வந்து சாப்பிடும்மா. பிள்ளை பெத்தவ நனையக் கூடாது." பிறகு ஆன்ட்டியிடம், "அடுத்த தடவை யார்கிட்டயும் சொல்லி அனுப்ப வேணாம். இங்கேயே சமைங்க. ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வெச்சுக்கங்க" என்றார்.

அடுத்த தடவை ஆன்ட்டி சமைத்தபோது அப்பா தாம்பரம் லைப்ரரிக்குப் போயிருந்தார். அன்று லைப்ரரி விடுமுறை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளைச் சில நாட்கள் பிரிக்கவே நேரமில்லை. பிரித்தபோது, யார் யாருக்கோ என்று வாங்கியவை இடம் மாறின. உறவுக்காரப் பையனுக்கு வைத்திருந்த பூப்போட்ட கம்பளி குழந்தைக்குப் போனது. கோடாலித் தைலம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. வெள்ளத்தில் இறங்கி நின்றவர்களுக்கெல்லாம் கால்வலி இருந்ததால் தெருவே அந்த வாசனை அடித்தது. தெருப்பெண்கள் வந்து, "மலேசியா எப்படி இருந்துச்சு?" என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மா, "நல்லாயிருந்துச்சு. இங்க பாருங்க, இவ சிரிக்கிறா" என்று தூளியைக் காட்டுவாள்.

எதிர்வீடு காய்ந்து, வெள்ளையடித்து முடிய கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. அவர்கள் திரும்பிப் போன அடுத்த வாரம், மேற்கு மாம்பலத்திலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா எங்கள் பயணக் கதை கேட்க வந்தாள். வந்த இடத்தில் இந்தக் கதையைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்ப மீனெல்லாம் சமைச்சாங்களா? போனப்புறம் வீட்டை நல்லா கழுவிவிட்டியா?"

"கழுவாம? பினாயில் போட்டு மூணு நாள் கழுவினேன். இன்னும் இடுப்பு வலிக்குது" என்றாள் அம்மா.

பெரியம்மா திருப்தியாகத் தலையாட்டினாள்.

"சேறு லேசுல போகுமா? அவங்க வீட்டு ஹால் மட்டும் ஒரு நாள் ஆச்சு" என்று அம்மா தொடர்ந்தாள்.

பெரியம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சாய்வு நாற்காலியில் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தாள் மெல்ல ஆடியது.

பொங்கல் கழித்து அந்த அக்காவை அரக்கோணத்துக்கு அழைத்துப் போக அவள் கணவர் வந்தார். அம்மா குழந்தைக்கு மையிட்டு, கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்தாள். ஆன்ட்டி அதைத் துடைக்கவில்லை. நெற்றியில் சிலுவை மட்டும் போட்டார். ஆட்டோ வந்ததும் அக்கா, குழந்தையை யாரிடம் கொடுத்துவிட்டு ஏறுவது என்று ஒரு கணம் பார்த்தாள். அப்பா கையை நீட்டினார். அவர் குழந்தையை வாங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலையை எப்படித் தாங்குவதென்று தெரியாமல் முழங்கையை அகட்டி வைத்துக்கொண்டு, ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.