மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு குழி

முகத்துக்கு நேராக அவரை எல்லாரும் அண்ணன் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் முந்திரிக்கொட்டை. எதிலும் முதல் ஆளாக நிற்க வேண்டும் அவருக்கு. அந்தப் பக்கத்து வயல்களில் முதலில் மோட்டார் போட்டவர் அவர். சொட்டுநீர்க் குழாய் இழுத்தவரும் அவர்தான். யாராவது புது விதை வாங்கினால், "அதெல்லாம் நான் போன வருஷமே போட்டுப் பாத்துட்டேன்" என்பார். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

அப்படிப்பட்டவரை முந்திக்கொண்டது வேறு யாருமல்ல, அவர் மனைவி.

வருஷக்கணக்காக மூட்டை உரமாகக் கொட்டியதில் கிணற்றடி வயல் இறுகிப்போயிருந்தது. தண்ணீர் பாய்ச்சினால் மேலேயே நிற்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். "அது செத்த மண்ணு, விடு" என்று அவர் கைகழுவிவிட்டார். அவள் விடவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தானே ஒரு குழி வெட்டினாள். காய்கறித் தோல், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை, சாணம், சருகு, அறுத்துப் போட்ட செடித்தட்டை என்று அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது மண்வெட்டியால் புரட்டினாள்.

"வீட்டுக்காரி குப்பையோட குடித்தனம் நடத்துறா" என்று அவர் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்.

மறு வருஷம் அந்த வயலில் கால் வைத்தால் மெத்தென்று இறங்கியது. கத்தரிச் செடிகள் இடுப்பைத் தொட்டன. சிரிப்பு நின்றது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் பக்கத்து வயல்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அண்ணி இல்லையாண்ணே?"

"ஏன், நான் ஒருத்தன் உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"அதில்லண்ணே, குழியில ஈரம் எவ்வளவு இருக்கணும்னு கேக்கணும்."

"என்கிட்ட கேளு."

"சரி, சொல்லுங்க."

அவருக்குத் தெரியவில்லை. "பின்னாடி இருக்கா, போ" என்றார்.

கொட்டகைப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது. "ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா சொட்டக் கூடாது. ஆனா கை ஈரமாகணும்." அந்தக் குரலின் நிதானம்தான் அவரை உறுத்தியது. தன்னிடம் ஒருநாளும் இப்படி விளக்கிப் பேசியதில்லையே என்று நினைத்தார். தான் பேச விட்டதில்லை என்பது நினைவுக்கு வரவில்லை.

மறுநாளே மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரகசியமாக ஒரு குழி வெட்டினார். கடைத்தெரு ஹோட்டலில் சொல்லி வைத்து, வாளி வாளியாகக் கழிவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொட்டினார். சருகு பொறுக்கிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை ஏது? எல்லாம் கூழாகி நாறியது. மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

"என்னண்ணே, எலி கிலி செத்துக் கிடக்கா?" என்றார் பக்கத்து வயல்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அவசர அவசரமாக அதை அள்ளித் தக்காளி நாற்றுகளுக்குப் போட்டார். மனைவியின் கத்தரிக்கு முன்னால் தன் தக்காளி காய்க்க வேண்டும். சில நாட்களில் இலைகள் மஞ்சளித்தன. பிறகு செடிகள் வரிசை வரிசையாகத் தலை சாய்ந்தன.

அவள் வந்து, செடியின் அடி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"சுடுதுங்க. இது இன்னும் வேகல."

"வேகலைன்னா? இதென்ன அடுப்பா?"

"மக்கி முடிஞ்சு சூடு அடங்கணும். பச்சையாப் போட்டா வேரு தாங்காது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட கேக்கத்தான் ஊரே வருதே. நானும் வரிசையில நிக்கணுமா?"

அவள் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "சருகு கொண்டாந்து தரேன்" என்றாள்.

"வேணாம். எங்க கிடைக்குதுன்னு மட்டும் சொல்லு."

பள்ளிக்கூட மைதானத்துச் சருகைச் சாக்கு சாக்காக அள்ளிவந்தார். புரட்டினார், ஆறவிட்டார், மறுபடி புரட்டினார். காலையில் எழுந்ததும் முதல் வேலை, அவள் குழியில் ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு வந்து தன்னுடையதை முகர்ந்து பார்ப்பது. நாற்றம் போய், புதுமழை வாசனை வரும்வரை விடவில்லை.

பக்கத்து ஊரிலிருந்து பெண்கள் கும்பலாகப் பார்க்க வந்தபோது, அவள் தன் குழியைக் காட்டிவிட்டு அவர்களை மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிவந்தாள். "இது அவரோடது. நீங்களே சொல்லுங்களேங்க" என்று விலகி நின்றாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஒருத்தி ஒரு பிடி எடுத்து விரலால் உதிர்த்தாள்.

"அருமையா இருக்குங்க ஐயா. அப்படியே அம்மாவோடது மாதிரியே இருக்கு!"

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

எல்லாரும் போன பிறகு மனைவியைப் பிடித்துக்கொண்டார். "உன்னோடத விட என்னோடது கறுப்பு. தெரியுமில்ல?"

"ஆமாங்க."

"சும்மா ஆமான்னு தலையாட்டாத. எடுத்துட்டு வா, பாப்போம்."

அவள் தன் குழியிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்தாள். வெயிலில் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவருடையது ஒரு சாயல் வெளிறியிருந்தது. இருவருக்கும் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.